இறங்காத தண்ணீர்

ஆவணி மாதத்தில், மழை விட்டு ஐந்து நாள் ஆகியிருந்த ஒரு காலையில், சேச்சி என் வீட்டுப் பின்வாசலில் வந்து நின்றார். கையில் சாக்கு இல்லை. அன்று பிளாஸ்டிக் எடுக்கிற நாளும் இல்லை.

"மாமி, வெள்ளம் இறங்கணில்லா," என்றார்.

மலையாளத்தில் தண்ணீருக்கே வெள்ளம் என்றுதான் பெயர். கல்யாணமாகித் திருவனந்தபுரத்துக்கு வந்து முப்பத்தைந்து வருஷமாகிறது, அந்தச் சொல் எனக்கு எப்போதோ பழகிவிட்டது. ஆனாலும் அன்று காலை அது தமிழ்ச் சொல்லாகத்தான் என் காதில் விழுந்தது.

கரமனையில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு தோடு ஓடுகிறது. ஓடையை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். அரை மணி நேரம் நடந்தால் அது ஆற்றில் போய்ச் சேரும் இடம். தோட்டுக்கு இந்தப் பக்கம் சுவரோடு சுவர் ஒட்டிய எங்கள் அக்ரஹார வீடுகள். அந்தப் பக்கம், ஓர் ஆள் உயரம் தாழ்ந்த நிலத்தில், சிறிய வீடுகள் நெருங்கிய ஒரு காலனி. சேச்சி அந்தக் காலனிக்காரர். வீடு வீடாகப் போய்ப் பிளாஸ்டிக் சேகரிக்கிற பெண்கள் குழுவில் வேலை பார்த்தார். சேச்சி என்றால் அக்கா, ஆனால் எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. எங்கள் தெருவுக்கு வந்து வந்து எங்கள் வீட்டுத் தமிழில் பாதியைக் கற்றுக்கொண்டிருந்தார்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு மழையில் தோடு நிறைந்து எங்கள் கூடத்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. காலனியில் கூரை வரை. வடிந்த பிறகு தோட்டைத் தோண்டியபோது வெளியே வந்தவை இன்னும் கண்ணில் இருக்கின்றன. பால் கவர்கள், டயபர்கள், ஒரு மெத்தை, கண்ணாடி உடைந்த சாமி படங்கள், ஒரு ஃப்ரிட்ஜின் கதவு. காலனிக்காரர்கள்தான் அசுத்தம் பண்ணுகிறார்கள் என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்த எங்கள் தெருக்காரர்கள், அந்தக் கவர்களில் தங்கள் பால் கம்பெனியின் பெயரைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள்.

அந்தக் குவியலின் முன்னால் நின்றுதான் இரண்டு பக்கத்துப் பெண்களும் சேர்ந்து ஒரு குழுவைத் தொடங்கினோம். நான் பல்கலைக்கழக அலுவலகத்தில் இருபத்தெட்டு வருஷம் ஃபைல் பார்த்தவள், ஓய்வு பெற்றிருந்தேன். அதனால் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். வீட்டுக்கு ஒரு உரத்தொட்டி வைத்தோம். சமையல் கழிவின் மேல் தேங்காய் நார்த்தூளைத் தூவி மூடிவிட்டால் ஒன்றரை மாதத்தில் உரமாகிவிடும். முதல் மாதம் எல்லாத் தொட்டியிலும் புழு வைத்தது. மடி ஆசாரம் பார்க்கிற மாமிகள் தொட மாட்டேன் என்றார்கள். சேச்சிதான் வீடு வீடாகப் போய், கையை உள்ளே விட்டுக் கிளறிக் காட்டினார். அடுத்த வருஷம் அதே மாமிகள் அந்த உரத்தில் விளைந்த வெண்டைக்காயைக் காலனிக்குக் கொடுத்தனுப்பினார்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டைச் சுத்தம் செய்தோம். சின்னப் பாலத்தின் சுவரில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று கோடு போட்டு, தண்ணீரின் மட்டத்தைத் தினமும் காலையில் நானோ சேச்சியோ ஒரு நோட்டில் எழுதிவந்தோம். சிவப்பைத் தொட்டால் காலனியைக் காலி செய்ய வேண்டும். யார் யாரைத் தூக்கிக்கொண்டு போவது என்றுகூட எழுதி வைத்திருந்தோம். இரண்டு வருஷம் எங்கள் பக்கம் தண்ணீர் வரவில்லை. எனக்கு அதில் கர்வம் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது மழையில்லாமலே ஐந்து நாளாகத் தண்ணீர் மஞ்சள் கோட்டிலேயே நின்றது. அசையவில்லை. மேலே ஒரு தோல் படிந்து, நடுநடுவே குமிழி வந்து உடைந்துகொண்டிருந்தது.

நானும் சேச்சியும் கரையோரமாகவே கீழ்நோக்கி நடந்தோம். வாழைத்தோட்டத்தைத் தாண்டி, ஒரு கல்யாண மண்டபத்தின் பின்சுவரைத் தாண்டி, ஆற்றுக்குப் பக்கத்தில் போனபோது நீலத் தகரம் அடித்த வேலி வழியை மறித்தது. இடுக்கு வழியாகப் பார்த்தேன். உள்ளே லாரி லாரியாகச் செம்மண் கொட்டி மேடாக்கியிருந்தார்கள். பத்தடி அகலத் தோடு அந்த மண்ணுக்கு அடியில் ஒரு குழாய்க்குள் நுழைந்தது. ஒரு நாய்கூடக் குனிந்துதான் நுழைய முடியும். அதன் வாயில் கிளைகளும் சாக்குகளும் அடைத்திருந்தன. அங்கே ஆள் யாரும் இல்லை. எங்கேயோ ஒரு மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

சேச்சி தகரத்தைக் கையால் ஒரு தடவை தள்ளிப் பார்த்தார். திரும்பி வரும்போது, இனி துலாவர்ஷத்துக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று மட்டும் கேட்டார். ஐப்பசியில் வருகிற மழையைத்தான் சொன்னார். இரண்டு மாதம் இருந்தது.

அன்று சாயங்காலம் என் கணவரிடம் பார்த்ததைச் சொன்னேன். எந்த இடம் என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் எந்த இடம் என்று கேட்டார். பிறகு பேப்பரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். அவர் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் படங்களை எடுத்துக்கொண்டு வில்லேஜ் ஆபீஸுக்குப் போனோம். அங்கே இருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துவிட்டு, அந்த இடத்தில் தோடு எதுவும் இல்லை என்றார். இருக்கிற தோட்டின் படத்தை மேஜையில் வைத்தேன். படம் இருக்கலாம், ரெக்கார்டில் இல்லை என்றார்.

"அப்போ ஞங்கள் முங்கினது எதிலயா, சாரே?" என்று சேச்சி கேட்டார்.

அவர் படத்தை என் பக்கம் நகர்த்தினார். எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார்.

அலுவலகம் எனக்குத் தெரிந்த இடம். ரெக்கார்டில் இல்லை என்றால், இல்லை என்று யாரோ எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். அந்த நிலத்தைப் புரயிடமாக, அதாவது வீடு கட்டும் நிலமாக, மாற்றக் கொடுத்த விண்ணப்பமும் அதோடு இணைத்த எல்லாக் காகிதங்களும் வேண்டும் என்று கேட்டேன். மனுவை நானே எழுதினேன். இரண்டு தடவை திருத்தி எழுதினேன், எந்தப் பக்கமும் நழுவ முடியாதபடி. குழுவில் எல்லாரும் பாராட்டினார்கள்.

பதில் நவராத்திரியில் வந்தது. கணவரின் அண்ணாவும் மன்னியும் கொலு பார்க்க வந்திருந்தார்கள். மன்னி சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கி, சமையலறை மேடையில் வைத்தே கவரைப் பிரித்தேன்.

நாலாவது பக்கம் ஒரு உறுதிமொழி. இந்த நிலத்தின் உள்ளேயோ எல்லையிலோ நீர் ஓடும் வழி எதுவும் இல்லை, பக்கத்து நிலங்களின் நீர்வடிப்புக்கு இதனால் தடை ஏற்படாது, இவை எங்கள் அறிவுக்கு எட்டியவரை உண்மை. கீழே மூன்று கையெழுத்துகள். முதலாவது அண்ணாவுடையது. இரண்டாவது என் கணவருடையது. மூன்றாவது என்னுடையது. அலுவலகத்தில் போட்டுப் போட்டுப் பழகிய, அடியில் கோடு இழுத்த அதே கையெழுத்து.

கணவர் குடும்பத்துக்கு ஆற்றோரத்தில் எங்கேயோ தரிசாகக் கிடந்த ஒரு பழைய வயல் இருந்தது எனக்குத் தெரியும். நான் போய்ப் பார்த்ததில்லை. பங்கில் ஒரு துண்டு என் பேரில் இருந்ததும் தெரியும். வெள்ளம் வந்த வருஷம் ஒரு மத்தியானம் அண்ணா சில காகிதங்களோடு வந்தார். விற்கிறதுக்கு முன்னால் இதெல்லாம் வேண்டும் என்றார். குக்கர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, பென்சிலில் புள்ளி வைத்திருந்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு ஃபைலில்கூட வாசிக்காமல் கையெழுத்திட்டவள் இல்லை நான். வீட்டுக் காகிதம் என்பதால் வாசிக்கவில்லை. விற்ற பணத்தில்தான் எங்கள் வீட்டுக்கு மாடி எழுந்தது. இன்னொரு தடவை தண்ணீர் வந்தால் ஏறி உட்கார ஓர் இடம் வேண்டுமே என்று கட்டியது.

மன்னி என் முகத்தைப் பார்த்துவிட்டு, யார் வீட்டில் என்ன ஆயிற்று என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அவர்கள் போகும்வரை அந்தக் கவர் அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருந்தது.

கணவரிடம் காட்டினேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"வயல் ஓரமா ஒரு தண்ணிச் சால் போயிண்டிருந்தது. சின்னப் புள்ளேல அதுல மீன் பாத்திருக்கேன்," என்றார். "அதைத் தோடுன்னு யாரு நினைச்சா? அண்ணா எழுதிண்டு வந்தான், போட்டேன்."

"நான் வந்து சொன்ன அன்னிக்கே தெரியுமாக்கும் உங்களுக்கு?"

அவர் காகிதத்தை மடித்து மேஜையில் வைத்தார். பிறகு, இந்த ஒரு பக்கத்தை மட்டும் குழுவில் காட்ட வேண்டாம் என்றார். மற்றதை வைத்தே வழக்கு நடத்தலாமே என்றார். அண்ணாவுக்கு இதய ஆபரேஷன் ஆகி ஆறு மாதம்தான் ஆகிறது என்றார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அன்று முழுக்க நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். நான்காம் பக்கத்தைத் தனியாக எடுத்து வைத்துக்கூடப் பார்த்தேன். ஐந்தாம் பக்கத்துக்கு எண் போட்டிருந்தது, அதனால் மறைக்க முடியாது என்று தோன்றியது. இப்படித்தான் என் மனசு அன்று வேலை செய்தது.

மறுநாள் காலை பாலத்தில் சேச்சியிடம் அதைக் கொடுத்தேன். மலையாளத்தில் இருந்த காகிதம், அவர் என்னைவிட வேகமாகப் படிப்பார். ஆனால் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமி இது வாயிச்சில்லே?"

"இல்லை, சேச்சி. வாசிக்கலை."

மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தார். "எல்லாரிடமும் மாமியே சொல்லணும்," என்றார். அவ்வளவுதான். அன்றைய மட்டத்தை நோட்டில் எழுதிவிட்டுப் போனார். அந்த வாரம் பிளாஸ்டிக் எடுக்க வேறொரு பெண் வந்தாள். காலையில் பாலத்துக்கும் சேச்சி வரவில்லை. நான் மட்டும் எழுதினேன். மஞ்சள், மஞ்சளுக்கு ஒரு விரல் மேலே, மஞ்சள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அந்தப் பக்கத்தை எழுந்து நின்று வாசித்தேன், கையெழுத்துகள் வரை. என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது. எங்கள் தெருவில் இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள், குடும்ப விஷயத்தைச் சபையில் வைக்கிறேனே என்று. காலனியிலிருந்து ஒரு பெண், என் கண்ணைப் பார்த்து, உங்கள் வீட்டு மாடி அந்த நிலத்துக் காசில்தானா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் கொடுத்த உறுதிமொழி தவறு, அங்கே நீர்வழி இருந்தது, இருக்கிறது என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, வில்லேஜ் ஆபீஸில் கொடுத்தேன். அந்த அதிகாரி இரண்டு காகிதங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார். இதனால் உங்கள் பேரிலும் நடவடிக்கை வரலாம் என்றார். வரட்டும் என்றேன். அடுத்த திங்கட்கிழமை இடத்தை வந்து பார்ப்பதாகத் தேதி போட்டார்.

மழை வியாழக்கிழமை தொடங்கியது.

முதல் இரண்டு நாள் மத்தியானத்துக்கு மேல் இடியோடு பெய்து நின்றது. வெள்ளி இரவு மறுபடி பிடித்த மழை சனிக்கிழமை விடிந்தும் நிற்கவில்லை. பொன்முடி மலைப் பக்கம் மூன்று நாளாக விடாமல் பெய்கிறது, கல்லாற்றில் சாலையை மூடிவிட்டார்கள் என்று செய்தியில் சொன்னார்கள். மேலே அணையின் ஷட்டரை உயர்த்தப்போவதாக அறிவித்தார்கள். ஆறு மணிக்குக் குடையோடு பாலத்துக்குப் போனபோது சேச்சி ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தார். மட்டம் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவில் இருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு விரல் ஏறியது. தண்ணீர் ஓடவில்லை, சுழலவில்லை. அப்படியே மேலே வந்துகொண்டிருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

"சிவப்பு வரைக்கும் நிக்க வேண்டாம்," என்றார் சேச்சி.

ஒருவர் இருவரைக் கூப்பிட, அந்த இருவர் நால்வரைக் கூப்பிட என்று நாங்கள் எழுதி வைத்திருந்தபடியே ஃபோன் போயிற்று. எட்டு மணிக்குள் காலனிக் குழந்தைகளும் முதியவர்களும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். சேச்சியின் கணவர் கட்டடத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் இருப்பவர். அவரைத் தூக்க எழுதி வைத்திருந்த இரண்டு பேரில் ஒருவர் ஊரில் இல்லை. என் கணவர் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். நான் சொல்லவில்லை. சேச்சியின் கணவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தபோது, சுமந்தவர்களின் தொடை வரை தண்ணீர் இருந்தது. எங்கள் வீட்டு மாடியில்தான் படுக்க வைத்தோம். அவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் காபி கொடுத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

பத்து மணிக்குத் தண்ணீர் சிவப்பைத் தாண்டிப் பாலத்தையே மூடியது. காலனியில் முதல் கூரை தெரியாமல் போனபோது இரண்டு பக்கத்து ஆண்களும் கடப்பாரையும் மண்வெட்டியுமாகக் கீழே போனார்கள். தகரத்தைப் பிரித்தார்கள். குழாயின் இரண்டு பக்கமும் செம்மண்ணை வெட்டினார்கள். என் கணவரும் வெட்டினார். நடுவில் அண்ணாவிடமிருந்து ஃபோன் வந்ததாம். எடுத்து, "நான் இப்போ நம்ம வயல்லதான் இருக்கேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாராம். மத்தியானம் இரண்டு மணிக்கு மண் தானாகவே இடிய ஆரம்பித்து, குழாயை இழுத்துக்கொண்டு ஆற்றுக்குள் போயிற்று. சாயங்காலத்துக்குள் தண்ணீர் இடுப்பளவு இறங்கியது. ஓர் உயிர்கூடப் போகவில்லை. காலனியில் ஏழு வீடுகளின் சுவர் நிற்கவில்லை.

அதோடு முடிந்திருந்தால் நிம்மதியாகச் சொல்லி முடித்திருப்பேன்.

தண்ணீர் வடிந்ததும் எலிக்காய்ச்சலுக்கான மாத்திரையைச் சுகாதாரப் பணியாளர்கள் கொடுத்தார்கள். வாரம் ஒரு தடவை சாப்பிட வேண்டும். சேச்சி முதல் வாரம் சாப்பிட்டார். அடுத்த வாரம் சேறு படிந்த பிளாஸ்டிக் மலையைப் பிரிக்கிற வேலையில் மறந்துவிட்டார். காலில் ஒரு தகரக் கீறல் இருந்தது. முதலில் உடம்புவலி என்றார். மூன்றாம் நாள் கண் மஞ்சளாகிவிட்டது. பதினாறு நாள் அரசு மருத்துவமனையில் இருந்தார், அதில் நான்கு நாள் டயாலிசிஸ். முறை வைத்துக்கொண்டு நாங்கள் கூட இருந்தோம். என் முறை வந்த ஒரு மத்தியானம், கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். கையை மெல்ல உயர்த்தி நிறுத்தினார்.

"திங்களாழ்ச்ச அந்த ஆபீஸர் வந்தாரா, மாமி?" என்று கேட்டார்.

வந்திருந்தார். தோடு இருந்ததற்கு அடையாளம் எதுவும் தேட வேண்டியிருக்கவில்லை, வெட்டிய வழியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டார். மண் கொட்டுவதை நிறுத்தவும் தோட்டைப் பழைய அகலத்துக்குத் திறக்கவும் உத்தரவு வந்தது. நிலத்தை வாங்கியவர் கோர்ட்டுக்குப் போய், அகலத்தை அளந்து முடிக்கும்வரை இப்போதிருக்கிற நிலையே தொடரட்டும் என்று தடை வாங்கிவிட்டார். இப்போதிருக்கிற நிலை என்றால் பாதித் தோடு. தகரம் பிரித்ததற்காக ஒன்பது பேர் மேல் வழக்கு இருக்கிறது. அதில் என் கணவர் மூன்றாவது. பொய் உறுதிமொழிக்காக எனக்கு ஒரு நோட்டீஸ் வந்து, பதில் எழுதியிருக்கிறேன். அண்ணா வீட்டிலிருந்து பொங்கலுக்கு யாரும் வரவில்லை. நாங்களும் போகவில்லை.

குழு நிற்கவில்லை, பெரிதாகியிருக்கிறது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் உரத்தொட்டியைப் பற்றிப் பேசுவது குறைவு. காலனிப் பெண்கள் சர்வே வரைபடம் வாசிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள், என்னைவிட நன்றாக. ஆற்றின் அந்தக் கரையிலிருந்தும் ஆட்கள் காகிதங்களோடு வருகிறார்கள். பெரும்பாலும் தாமதமாகத்தான் வருகிறார்கள், மண் விழுந்த பிறகு.

சேச்சி உயிரோடு இருக்கிறார். வேலைக்குப் போக முடியவில்லை. சுவர் நின்ற வீடுகளில் அவருடையதும் ஒன்று என்பதால் அதே இடத்துக்குத்தான் திரும்பிப் போனார்கள். எங்கள் மாடியிலேயே இருங்கள் என்று சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். இன்னும் சொல்லவில்லை.

வைகாசி நடுவில் தொடங்குகிற இடவப்பாதி மழை இந்த வருஷம் சீக்கிரமே வரும் என்கிறார்கள். கோர்ட்டில் அடுத்த வாய்தா அதற்கு மூன்று வாரம் கழித்து.